பெற்றோலைக் குறைத்தால் ஒயிலும் குறையும்
சைக்கிள் எஞ்சினின் காபரேட்டர் பற்றி வியாபாரிகள் அறிய வேண்டிய சில கணக்குகள்

சைக்கிளில் பூட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெரிய காபரேட்டர் ஒன்றைப் போட்டால் வேகமும் கூடும், பெற்றோலும் மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவரும் நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார். சில வாரங்களில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிட்டால், "சீனாச் சாமான் இப்படித்தான்" என்று பழி சாமான் மீது விழுகிறது. பல சந்தர்ப்பங்களில் பிழை சாமானில் இல்லை. காபரேட்டரைச் செட் பண்ணிய விதத்திலேயே இருக்கிறது.

2022ஆம் ஆண்டில் கியூ.ஆர். அட்டையைக் காட்டி, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு அன்றிலிருந்து சிறு வியாபாரிகளின் மனதில் பதிந்துவிட்டது. கணக்குப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தக் கணக்கைப் போடும் முறை வேறு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

66ஐ 80 என்று விற்பது

முதலில் எஞ்சினின் அளவைப் பார்ப்போம். சீனாவிலிருந்து பெட்டியில் வரும் இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வருகின்றன. ஒன்று 48 சி.சி. மற்றது 80 சி.சி. என்ற பெயரில் விற்கப்படுவது. இந்த இரண்டாவது வகையில் சிலிண்டரின் உள்விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. இதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். ஆரை 23.5ஐ 23.5ஆல் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 38ஆல் பெருக்கினால் 66 சி.சி.க்குச் சற்றுக் குறைவாகவே வரும். 80 வராது.

தராசில் 66 காட்டுவதை 80 என்று விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 80 சி.சி. என்று நினைத்து அதற்கேற்ற பெரிய காபரேட்டரைத் தேடுபவர், தன்னிடம் இல்லாத எஞ்சினுக்குச் சாமான் வாங்குகிறார்.

ஜெட்டின் வழியாகப் போவது எது?

நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் ஒயில் தனியாக எஞ்சினுக்கு அடியில் இருக்கும். காபரேட்டரில் பெற்றோலைக் குறைத்தாலும் ஒயிலின் அளவு மாறாது. கிட்டில் வரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அப்படியல்ல. பெற்றோலில் கலந்து ஊற்றும் ஒயில்தான் கிராங்க் பெயாரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் கிடைக்கும் ஒரே ஒயில். அதுவும் காபரேட்டரின் சிறிய ஜெட் துளை வழியாகவே போக வேண்டும்.

ஆகவே பெற்றோலை மிச்சம் பிடிக்க ஜெட்டைச் சிறிதாக்கினால் ஒயிலையும் அதே அளவு குறைத்துவிடுகிறோம். அத்துடன் காற்று அதிகமாகி பெற்றோல் குறைந்த மெலிந்த கலவை சூடாக எரிகிறது. ஒரு பக்கம் சூடு கூடுகிறது, மறு பக்கம் ஒயில் குறைகிறது. பிஸ்டன் இறுகுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

"அப்படியானால் தாங்கியில் ஒயிலைக் கூட்டி ஊற்றினால் சரிதானே?" என்று சிலர் கேட்பார்கள். சரியாகாது. துளை அதே துளைதான். ஒயில் கூடினால் அதன் வழியாகப் போகும் பெற்றோல் குறையும். கலவை இன்னும் மெலியும். புகையும் கரியும்தான் மிச்சம்.

கிட்டுடன் வரும் கைநூல்களில் பொதுவாக, புதிய எஞ்சின் பழகும் வரை 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்றும், பிறகு 20க்கு 1 என்றும் இருக்கும். ஒரு லீற்றருக்கு முறையே ஏறத்தாழ 63 மி.லீ., 50 மி.லீ. இதைக் கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக் கோப்பையால் அளந்து ஊற்ற வேண்டும். ஒயில் அளவை மாற்றினால் காபரேட்டர் செட்டிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் எது வேலை செய்கிறது?

கிட்டுடன் வருவது பெரும்பாலும் என்.டி. வகைக் காபரேட்டர். மிக எளிமையானது. எக்ஸலேட்டரை முறுக்கும்போது ஸ்லைட் என்ற உருளை மேலே எழும்பும். அதோடு சேர்ந்து ஊசியும் எழும்பும்.

எக்ஸலேட்டர் கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை திறந்திருக்கும்போது கலவையைத் தீர்மானிப்பது முக்கியமாக ஊசிதான். ஊசியின் தலையில் கிளிப் மாட்டுவதற்கு 4 வெட்டுக்கள் இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். மேலே மாட்டினால் குறையும். முழுதாகத் திறக்கும்போது தீர்மானிப்பது மெயின் ஜெட்.

இங்கே கராஜ் பாஸ்மார் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள் காபரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூ தனியாக இருக்கும். என்.டி. வகையில் அது இல்லை. பக்கத்தில் தெரியும் ஸ்குரூ ஸ்லைடைச் சற்று உயர்த்தி ஐட்லிங் வேகத்தைக் கூட்டுவதற்கு மட்டுமே. அதை எவ்வளவு திருகினாலும் ஓட்டத்தில் கலவை சீராகாது.

செலவில்லாத வேலை முதலில்

சாமான் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில.

முதலாவது, காற்றுக் கசிவு. காபரேட்டர் மெனிபோல்ட் குழாயில் இறுகும் இடத்திலும், மெனிபோல்ட் சிலிண்டருடன் சேரும் பெக்கிங்கிலும் காற்று உள்ளே புகுந்தால் எந்த ஜெட்டும் சரிவராது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, இணைப்புகளைச் சுற்றித் தூரிகையால் சிறிது ஒயில் தடவுங்கள். எஞ்சினின் ஓட்டம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது.

இரண்டாவது, பெற்றோல் வரும் வழி. புதிய தாங்கியில் பெயின்ட் துகளும் பழையதில் துருவும் இருக்கும். ஒரு துகள் ஜெட்டை அரைவாசி அடைத்தாலே கலவை மெலிந்துவிடும்.

மூன்றாவது, மிதவை. அது சரியான மட்டத்தில் ஊசி வால்வை மூடாவிட்டால் பெற்றோல் வழிந்து கலவை தடிக்கும்.

இவை மூன்றும் சரியான பிறகு கலவையைச் சோதியுங்கள். எஞ்சின் சூடானதும் அரை எக்ஸலேட்டரில் ஓடும்போது சோக்கைச் சிறிது மூடுங்கள். இழுவை கூடினால் கலவை மெலிந்திருக்கிறது. கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள். மாறாக, எஞ்சின் ஒன்றுவிட்டு ஒரு தடவை வெடிப்பது போலத் தடுமாறிப் புகை கக்கினால் கலவை தடித்திருக்கிறது. கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களை மாற்ற வேண்டாம். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

கடைசியாகப் பிளக். முழு எக்ஸலேட்டரில் சிறிது தூரம் ஓடி, அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேநீர் நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஜெட் பெரிது. வெளிறி வெள்ளையாக இருந்தால் ஜெட் சிறிது, உடனே கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சற்றுத் தடித்த பக்கத்திலேயே விடுங்கள். தடித்த கலவையால் பெற்றோல் வீணாகும். மெலிந்த கலவையால் எஞ்சினே போய்விடும்.

ஜெட் இலக்கத்தில் உள்ள கணக்கு

70 என்ற ஜெட்டில் துளை 0.70 மி.மீ. அதற்குப் பதிலாக 65 போட்டால் 7 வீதம்தான் குறைகிறது என்று தோன்றும். ஆனால் பெற்றோல் போவது துளையின் பரப்பின் வழியாக. பரப்பு ஏறத்தாழ 14 வீதம் குறைந்துவிடும். அதேபோல் 70ஐ 80 ஆகத் துளைத்தால் பரப்பு 30 வீதத்துக்கு மேல் கூடும். கையால் துளை பெருப்பிப்பவர்களின் எஞ்சின் ஒரே நாளில் புகை கக்குவது இதனால்தான்.

உதிரிப்பாகம் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கம்பனிகளும் இலக்கமிடும் முறை ஒன்றல்ல. இத்தாலியின் டெல்லோர்ட்டோ ஜெட்டில் இலக்கம் துளையின் விட்டத்தைக் குறிக்கும். ஜப்பானின் மிக்குனி அறுகோண மெயின் ஜெட்டில் அது பாயும் அளவைக் குறிக்கும். இரண்டிலும் 70 என்று இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. மரை அளவும் வேறுபடலாம். பழைய ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இடமும் முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அங்கே சரியாகச் செட் பண்ணிய எஞ்சினைப் புத்தளத்துக்கோ கல்முனைக்கோ கொண்டுவந்தால் கலவை மெலிந்துவிடும். ஜெட்டை ஓரளவு பெரிதாக்க வேண்டிவரும்.

பெரிய காபரேட்டர் யாருக்கு?

கிட் எஞ்சினுக்கு மாற்றுக் காபரேட்டர்களாக அதிகம் விற்பவை இரண்டு. ஒன்று டெல்லோர்ட்டோ எஸ்.எச்.ஏ. வகையின் பிரதிகள். இதில் ஊசியே இல்லை. மெயின் ஜெட் ஒன்றைச் சரியாகப் போட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. மற்றது மிக்குனி வி.எம். 18 வகை. இதில் பைலட் ஜெட், காற்று ஸ்குரூ, ஊசி, மெயின் ஜெட் எல்லாம் உண்டு. நுணுக்கமாகச் செட் பண்ணலாம். ஆனால் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

எஸ்.எச்.ஏ. 15இன் 15 மி.மீ. வாயுடன் ஒப்பிட்டால் 18 மி.மீ. வாயின் பரப்பு 44 வீதம் பெரிது. பெரிது என்றால் நல்லது என்று அர்த்தமல்ல. வாய் அகலமானால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்று அதன் வழியாக வேகம் குறைந்து போகும். வேகம் குறைந்த காற்று பெற்றோலைச் சரியாக உறிஞ்சாது. வெறும் சைக்கிளில் நேர் வீதியில் வேகம் பார்ப்பவருக்கு அது பிரச்சினையல்ல. ஆனால் பின்னால் மீன் பெட்டியோ பாண் பெட்டியோ கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போகும் வியாபாரிக்கு வேண்டியது புறப்படும் இழுவை. அவருக்குச் சிறிய வாயே இலாபம். சைலன்சரையும் சிலிண்டர் வாசல்களையும் மாற்றாமல் காபரேட்டரை மட்டும் பெருப்பித்தால் கிடைக்கும் வேகமும் சொற்பம்தான்.

வேகம் கூடினால் பிரேக்கும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சைக்கிளின் ரிம் பிரேக் மிதிக்கும் வேகத்துக்குச் செய்யப்பட்டது. அத்துடன் எஞ்சின் பூட்டிய சைக்கிளை வீதியில் ஓட்டும்போது பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிய கேள்விகள் எழும். கிட் வாங்குபவரும், கொண்டுவந்து விற்க நினைப்பவரும் பணத்தைப் போடுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை. காபரேட்டரைத் தனியாக விற்காதீர்கள். மேலும் கீழுமாக இரண்டு மூன்று ஜெட்டுகள், ஒரு பெக்கிங், ஒரு பிளக் என்று ஒரு செட்டாக விற்று, கிளிப்பை எப்படி மாற்றுவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எஞ்சின் இறுகிப்போனவர் உங்கள் கடைக்கு மறுபடி வரமாட்டார். வருடக்கணக்காக ஓடுபவர் ஒயிலுக்கும் பிளக்குக்கும் உங்களிடமே வருவார்.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு. சற்றுத் தடித்த கலவையால் கூடுதலாகச் செலவாகும் பெற்றோலின் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். புதிய பிஸ்டன், ரிங், சிலிண்டர் விலையையும் எஞ்சின் கராஜில் கிடக்கும் நாட்களின் வியாபாரத்தையும் மறு பக்கம் எழுதுங்கள். எந்தப் பக்கம் பாரம் என்பது உங்களுக்கே விளங்கும்.