பொன்னிறக் குதிரைகளுக்குச் செவலைக் குட்டி பிறக்குமா?

‘அந்தியூர் ஆடிச் சந்தையில், நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து ஒரு பொன்னிற மட்டக்குதிரை வாங்கினேன். அதே நிறத்துப் பொலிக்குதிரையோடு சேர்த்தேன். முதல் குட்டி செவலை. இரண்டாவது குட்டி பால் நிறம், நீலக் கண், இளஞ்சிவப்புத் தோல். பொலிக்குதிரைக்காரர் வேறு குதிரையை விட்டு ஏமாற்றிவிட்டாரா? நீலக்கண் குட்டி வீட்டுக்கு ஆகாது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள். என்ன செய்வது?’

வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். குட்டிகளின் நிறத்தை வைத்துப் பொலிக்குதிரைக்காரர் மீது குற்றம் சொல்ல முடியாது. நீலக்கண் குட்டியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். காரணத்தைப் பார்ப்போம்.

பொன்னிறம் வரும் வழி

குதிரையின் ரோமத்துக்கு நிறம் தருபவை கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு நிறமிகள். செவலையின் ரோமத்தில் சிவப்பு மட்டுமே இருக்கும். அந்தச் சிவப்பை வெளுக்கச் செய்யும் மரபணு ஒன்று உண்டு. அதற்கு ‘கிரீம்’ மரபணு என்று பெயர். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால், செவலை உடம்பு பொன்னிறமாகும். பிடரியும் வாலும் வெளுத்துவிடும். இதுதான் ‘பாலமினோ’. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், பால் நிறம், நீலக் கண், இளஞ்சிவப்புத் தோல். இது ‘கிரெமெல்லோ’.

நம் வீட்டு வாசலில் பூக்கும் அந்திமந்தாரையும் இப்படித்தான். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் இளஞ்சிவப்புப் பூ வரும். அந்த இளஞ்சிவப்பின் விதையைப் போட்டால் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் கலந்து முளைக்கும். வீரிய ஒட்டு ரக மக்காச்சோளத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது என்பது உங்களுக்குத் தெரியும். பொன்னிறக் குதிரையும் ஒட்டு ரகம் மாதிரிதான்.

எதோடு எதைச் சேர்க்கலாம்?

• பொன்னிறம் + பொன்னிறம்: நான்கில் ஒரு பங்கு செவலை, இரண்டு பங்கு பொன்னிறம், ஒரு பங்கு பால் நிறம் பிறக்க வாய்ப்பு.

• பொன்னிறம் + செவலை: பாதி பொன்னிறம், பாதி செவலை.

• பால் நிறக் கிரெமெல்லோ + செவலை: எல்லாக் குட்டிகளும் பொன்னிறம்.

முதல் இரண்டிலும் ஒவ்வோர் ஈற்றுக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிற கதைதான். போன குட்டி செவலை என்பதால் அடுத்தது பொன்னிறமாக வரும் என்று உறுதியில்லை. சினைக்காலமோ சுமார் 11 மாதம். தவறாகச் சேர்த்தால் ஒரு வருடம் வீண்.

இப்போது பாருங்கள். ‘ஆகாது’ என்று தள்ளச் சொன்ன அந்த நீலக்கண் குட்டிதான், நாளை செவலையோடு சேர்க்கும்போதெல்லாம் பொன்னிறக் குட்டி தரப்போகிறது. நீலக் கண்ணால் பார்வைக்குக் குறைவில்லை. வெயில்தான் ஒத்துக்கொள்ளாது. மூக்கு, கண் ஓரங்களில் தோல் வெந்துவிடும். உச்சி வெயிலில் கட்டாதீர்கள், நிழல் கொடுங்கள், காலையிலும் மாலையிலும் மேய விடுங்கள். வளர்ந்ததும் வீட்டிலுள்ள செவலை அண்ணனோடோ அக்காவோடோ சேர்த்துவிடாதீர்கள். ஒரே தாய் தகப்பன் குட்டிகளைச் சேர்த்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளிவரும். வெளியிலிருந்து நல்ல செவலையைத் தேடுங்கள்.

வாங்கும்போது கவனம்

வெள்ளையெல்லாம் கிரெமெல்லோ அல்ல. சந்தையில் நிற்கும் பல வெள்ளைக் குதிரைகள் பிறக்கும்போது அடர்நிறமாக இருந்து, வயது ஏற ஏற நரைத்தவை. அவற்றுக்குத் தோலும் கண்ணும் கறுப்பாக இருக்கும். அது வேறு மரபணு. மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

நிறத்தோடு நோய் வருவதும் உண்டு. ஷெட்லாந்து மட்டக்குதிரைகளில் கறுப்பு உடம்பைச் சாக்லேட் நிறமாகவும் பிடரியை வெள்ளியாகவும் மாற்றும் ‘சில்வர்’ மரபணு இருக்கிறது. அது இரு பக்கமிருந்தும் வந்த குட்டிக்குக் கண்ணில் கடுமையான பிறவிக் கோளாறுகள் இருக்கும். அதனால் சில்வரோடு சில்வரைச் சேர்ப்பதில்லை.

எனவே குளம்பு, கால், பல், கண், நடை இவற்றைப் பார்த்து விலை பேசுங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பொலிக்குதிரைக்காரரோடு மனஸ்தாபம் இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடமும் காட்டுங்கள்.