வெயில் வெளியே, வெளிச்சம் உள்ளே



இரும்பையில் உங்கள் காணிக்கையால் எழும்பிவரும் புதிய வார்டின் வரைபடத்தைப் பார்த்த அன்பர் சிலர், "ஐயா, ஏ.சி. ஏன் வைக்கவில்லை? சாலை கிழக்கே இருக்க, கட்டடம் ஏன் தெற்கே திரும்பி நிற்கிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் கேட்பது நியாயமே.

குளிர் நாடுகளில் சூரியனை வீட்டுக்குள் அழைத்து அனலைச் சேமிக்கக் கட்டுகிறார்கள். நமக்கோ வெளிச்சம் வேண்டும், அனல் வேண்டாம். இரண்டையும் பிரிப்பதுதான் வேலை. நம் பகுதி சுமார் 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே 35 பாகை அளவுக்குச் சாயும். எப்படியும் அது உயரத்தில்தான் இருப்பதால், வடக்கு, தெற்குச் சுவர்களை ஒரு நல்ல சன்ஷேடு காப்பாற்றிவிடும். காலையிலும் மாலையிலும் படுக்கை வரை பாயும் தாழ்ந்த வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. ஆகவே கிழக்கு, மேற்குச் சுவர்களைக் குறுக்கி, நீண்ட பக்கங்களைத் தெற்கும் வடக்குமாக வைத்தோம். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் அந்த வழியே நுழையும்.

இதற்கு நல்ல பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தாரின் 'கோல்கொண்டா' விடுதி. நம் சபைக் கட்டடம் அல்லதான். ஆனாலும் நல்லதை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்ளலாமே! செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் 1930களில் வரைந்தது. ஜார்ஜ் நாகஷிமாவும் ஃபிரான்டிஷேக் சாமரும் கூட இருந்து கட்டினார்கள். ஜன்னலுக்குப் பதிலாக நீண்ட பக்கங்கள் முழுவதும் திறந்து மூடும் கிடைப்பலகைகள். நேர் வெயிலும் மழையும் நின்றுவிடும், காற்றும் தணிந்த வெளிச்சமும் உள்ளே வரும். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்றோடும் இடைவெளி. வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்ள, கீழ்த்தளம் நிழலில் கிடக்கும். அங்குள்ள பலகைகள் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று இன்று அறிந்திருப்பதால் நாங்கள் மரத்தில் செய்கிறோம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதை மரக்காணத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு வெளிச்சத்தின் கொடுமையும் தெரியும். வெள்ளைப் பாத்தியிலிருந்து திரும்பி அடிக்கும் கூச்சம் கண்ணை எரிக்கும். வார்டில் நோயாளி மல்லாந்து படுத்திருப்பவர்; வெளிச்சம் முகத்தில் விழாமல் கூரையில் பட்டு இறங்கவேண்டும். அதற்காகவே உட்கூரைக்குச் சுண்ணாம்பு வெள்ளை, தரைக்கு மங்கிய நிறம். இந்தக் கடற்கரையின் புழுக்கத்தில் உடம்பைத் தணிப்பது வியர்வை மேல் ஓடும் காற்றுதான். எனவே பலகைகள் படுக்கை மட்டத்திலிருந்தே தொடங்குகின்றன.

வசதிக்கு மேலான காரணமும் உண்டு. பெரு நாட்டின் லிமா மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் கதவுகள் திறந்த அறைகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குக் கணக்கிட்டதோ 12 தான். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களே காசநோய்க் கிருமியை நன்றாக வெளியேற்றின. மிஷனெரிகள் கட்டிய பழைய வார்டுகளை இடித்து அடைத்த அறைகள் கட்டுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் போனால், அடைத்துக் கட்டிய ஏ.சி. அறையில் நோயாளியை எப்படி வைத்திருப்பது? அறுவை அரங்குக்கும் ஆய்வகத்துக்கும் இயந்திரக் குளிர்ச்சி வேண்டியதே. ஜெனரேட்டரும் அவற்றுக்கே ஓடட்டும்.

இனி மேல் ஓடுகளும் தெற்குப் பக்கப் பலகைகளும் பாக்கி. மேற்குச் சுவரையொட்டி வேம்பும் புங்கமும் நட்டிருக்கிறோம். அவை நிழல் தர வருடங்களாகும்; அதுவரை அங்கே கீற்றுத் தட்டி கட்டிவைக்கிறோம்.