சொத்தும் சொந்தமும் – 9: உங்கள் உயிலுக்கு உங்கள் வக்கீல்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் உங்கள் முன் கையெழுத்திட்டால் போதும். அப்படியானால் வக்கீல் எதற்கு?

உங்களைச் சரியான கேள்விகள் கேட்பதற்கு. வீடு சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா? இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தென்றால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுதலாம். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வங்கியில் நாமினி யார்? நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. உயில் போதுமா, செட்டில்மெண்ட் வேண்டுமா? உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். செட்டில்மெண்டில் உரிமை அப்போதே கைமாறிவிடும். இதை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்த வீட்டில் ஒண்டிக் கிடக்கும் பெற்றோர் எத்தனை பேர்! இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பழைய உயிலில் பெயரை மட்டும் மாற்றித் தருபவரிடம் போகாதீர்கள்.

நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. வக்கீல்களைப் பட்டியலிட்டு ஆள் பிடித்துத் தரும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, விசாரித்துத்தான் போக வேண்டும். உங்கள் ஊரில் சண்டை சச்சரவில்லாமல் பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களைக் கேளுங்கள். கிரிமினல் வழக்கில் பெயர் வாங்கியவரைவிட, சிவில் கோர்ட்டில் சொத்து வழக்குகள் நடத்துபவரே இதற்குப் பொருத்தம். உயில்கள் எங்கே உடைகின்றன என்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். போகும்போது தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

ஃபீஸை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆலோசனைக்கு எவ்வளவு, எழுதித்தர எவ்வளவு, பதிவு செய்வதானால் பதிவாளர் அலுவலகத்துக்கு வர எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்றால் வேறு வக்கீலைப் பாருங்கள். வீடு பத்து லட்சமானாலும் ஒரு கோடியானாலும் எழுதும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தர வழிசெய்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வக்கீல் யாருடைய ஆள் என்பது. உயிலால் பெரும்பலன் அடைபவரே அதை எழுதும் வேலையில் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரியது, அந்தச் சந்தேகத்தை அவர்தான் போக்க வேண்டும் என்று வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடு மகனுக்கு என்று முடிவு செய்திருந்தால், வக்கீலைப் பிடிக்க அவரை அனுப்பாதீர்கள். ஃபீஸை அவர் கட்ட வேண்டாம். பேசும்போது பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். அவர்மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளை கோர்ட்டில் அவரைக் காப்பாற்றுவதற்காக. நீங்களே போங்கள், நீங்களே பேசுங்கள், உங்கள் பணத்தைக் கொடுத்து உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள்.

(தொடரும்)