உங்களுக்குத் தெரியுமா? சாரல் சீமையும் பிரவுனிங் துப்பாக்கியும்!

செங்கோட்டை வாஞ்சிநாதனைத் தெரியாதவர் யார்? அவர் கையில் இருந்த துப்பாக்கியைத் தெரியுமா? பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங்! ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி!

1911 ஜூன் 17. குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதம். மணியாச்சி ஜங்ஷனில் ரயில் நிற்கிறது. முதல் வகுப்புப் பெட்டிக்குள் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியுடன். பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போகிற வழி. வாஞ்சி சுட்டார்! ஆஷும் பிழைக்கவில்லை, அடுத்த சில நிமிடங்களில் வாஞ்சியும் உயிரோடு இல்லை. வாஞ்சிக்கு அப்போது வயது 25தான்!

இன்னொரு ஆச்சரியம். வாஞ்சி பிறந்த செங்கோட்டை அன்று நேரடி பிரிட்டிஷ் ஆட்சியிலேயே இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம்! தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1 அன்றுதான்!

சுடுவதற்குப் பயிற்சி எங்கே தெரியுமா? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி! கரடிக்குப்பம் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு படித்தவர், கம்பராமாயணத்தில் கரைகண்டவர்!

பிரவுனிங்குக்குப் பலியான கலெக்டர் ஆஷ் மட்டும்தானா? இல்லை! 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டதும் பிரவுனிங்கால்தான். லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய சரக்கு அது. கொண்டுவந்தவர் அங்கிருந்த இந்தியா ஹவுஸ் விடுதியின் சமையல்காரர்! பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைந்து வந்தவை 20 துப்பாக்கிகள்!

உலகம் முழுக்க இதே கதைதான். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவ், 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமி. இருவரையும் சாய்த்தது பிரவுனிங்கின் 1900ஆம் வருட மாடல். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்தியது 1910 மாடல்!

எல்லாவற்றையும் வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங், அமெரிக்கர். அவர் பெயரில் 128 காப்புரிமைகள்! 1926இல் அவர் உயிர் பிரிந்த இடம் எது? இந்தத் துப்பாக்கிகளைத் தயாரித்த அதே பெல்ஜியத் தொழிற்சாலை!

அந்த 1900 மாடலைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? குழலுக்கு மேலே ஒரு ஸ்பிரிங். பின்னால் ஓடும் ஸ்லைடை முன்னால் தள்ளுவதும் அதுதான், தோட்டாவின் பின்பக்கம் குத்தும் ஊசிக்கு விசை கொடுப்பதும் அதுதான். ஒரே ஸ்பிரிங், இரண்டு வேலை! அது தளர்ந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு! ஏழு தோட்டா பிடிக்கும் இந்தச் சின்னத் துப்பாக்கி விற்றது சுமார் 7 லட்சம்!

பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் கெட்டிக்காரர்கள் முதலில் தேடுவது பளபளப்பை அல்ல, முத்திரையை! நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று குட்டி எழுத்துகள் இருக்கிறதா? பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலையில் தேறிய துப்பாக்கி! வழக்கத்தைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வெடிக்கவைத்து, குழல் பிளக்காமல் நின்றால்தான் முத்திரை விழும். அந்தச் சோதனைச்சாலை தொடங்கிய ஆண்டு 1672!

சீனாவில் பிரவுனிங்குக்குப் போலிகள் குவிந்தன. காட்டிக்கொடுத்தது எது? தப்பும் தவறுமாகப் பொறித்த எழுத்து!

மேகஸினைக் கழற்றிவிட்டோம், துப்பாக்கி காலி என்று நினைக்கிறீர்களா? ஆபத்து அங்கேதான்! அறைக்குள் ஒரு தோட்டா அசையாமல் உட்கார்ந்திருக்கும். உலகம் முழுக்க, துடைக்கும் நேரத்தில் உயிரைக் குடித்திருப்பது அந்த ஒற்றைத் தோட்டா!

சுட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி சிக்கிக்கொள்கிறதா? துப்பாக்கியைத் திட்டாதீர்கள். பல நேரம் குற்றவாளி மேகஸின்தான்! அதன் மேல்விளிம்புத் தகடு ஒரு நூல் அளவு வளைந்தாலும் போதும், தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும்!

அந்தக் காலத்துத் தோட்டா வெடித்தால் குழலுக்குள் உப்பு படியும்! வெடிப்பொட்டில் இருந்த பொட்டாசியம் குளோரேட் செய்த வேலை அது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை இழுக்கும். குற்றாலச் சாரல் காற்று போதாதா? ஒரே ராத்திரியில் செந்துரு!

எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகுமா? போகாது! எண்ணெயில் உப்பு கரையாதே! முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய் என்ன செய்தான் தெரியுமா? புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினான். நன்றாக உலரவிட்டான். அதன் பிறகே எண்ணெய்!

தோல் உறைக்குள் வைத்தால் துப்பாக்கி பத்திரம் என்பது பெரிய தப்பு! தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதப்படுத்தப் பயன்பட்ட உப்பும் அதிலேயே இருக்கும். மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்த துப்பாக்கி துருப்பிடித்துத்தான் வெளியே வரும்!

1900 மாடலுக்காகவே பிறந்த .32 தோட்டாவுக்கு இன்று வயது 125க்கு மேல். காலாவதி ஆகிவிட்டதா? இல்லவே இல்லை! 9 மி.மீ. துப்பாக்கி இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை. உரிமம் வாங்கியவர்களில் பலர் இன்றும் வாங்குவது அதே .32தான்!

2019 நவம்பர் 22 அன்று, செங்கோட்டையும் குற்றாலமும் அடங்கிய தென்காசி தனி மாவட்டம் ஆனது. அடுத்த மாதமே ஆயுதச் சட்டத்தில் திருத்தம்! ஒருவர் 3 துப்பாக்கி வைக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியது. உரிமத்துக்கு யாரிடம் மனுப் போட வேண்டும்? கலெக்டரிடம்தான்!

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்ததா? துடைக்க வேண்டாம், விசையைத் தொட வேண்டாம், நேராகக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை, அதிகபட்சம் 5 ஆண்டு!