பாம்பு தெரியும் நாள்

நார்வேயின் தெலமார்க் மாவட்டத்தில் உள்ள செல்யோர் என்ற சிற்றூரின் சின்னத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சிவப்புப் பின்னணியில் பொன்னிறப் பாம்பு ஒன்று நெளிகிறது. ஊரை ஒட்டிய ஏரியில் அது வாழ்கிறது என்பது நம்பிக்கை. செல்லப்பெயர் செல்மா. 1750-இல் படகில் சென்ற ஒருவரை நீரிலிருந்து எழுந்த ஏதோ ஒன்று தாக்கியது என்பதே பழைய பதிவு. அன்று தொடங்கிய கதை இன்றும் ஓயவில்லை.

கதை சொல்வதில் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1840-களில் இங்கே பாதிரியாராக இருந்த லான்ஸ்டாட், 1853-இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்புக்குத் தெலமார்க்கின் பாடகர்களிடமிருந்து நிறையப் பெற்றார். தலைமுறை தலைமுறையாக நுணுக்கம் சிந்தாமல் கதையைக் கைமாற்றியவர்கள் இவர்கள். ஆகவே பாம்பைப் பற்றி அவர்கள் சொல்வதையும் கூர்ந்து கேட்க வேண்டும். அது பெரும்பாலும் கோடையில், காற்றே இல்லாத வெதுவெதுப்பான நாளில் தெரியும். முதுகு வரிசையாக மேடுமேடாக எழும். சில சமயம் தலை மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். கதைக்குள் ஒரு வானிலைக் குறிப்பே ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்தத் தலை. ஏரி, பனியாறு குடைந்த ஆழமான பள்ளம். குளிர்காலத்தின் சில்லிப்பு கோடைத் தொடக்கம்வரை நீரை விட்டுப் போவதில்லை. வெதுவெதுப்பான காற்று அதன்மேல் வந்து நின்றால், நீரைத் தொடும் அடுக்கு மட்டும் குளிர்ந்துவிடும். மேலே சூடு, கீழே குளிர். வழக்கத்துக்கு நேர்மாறான இந்த அடுக்கை ‘வெப்பத் தலைகீழ்’ என்பார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒளிக்கதிர் அதன் பக்கமாக வளையும். நம்மூர்த் தார்ச்சாலையில் கொதிக்கும் தரைக்குமேல் தெரியும் கானல் நீரை அப்படியே திருப்பிப் போட்டதுபோல. சாலையில் ஒளி மேல்நோக்கி வளைகிறது, இங்கே கீழ்நோக்கி. விளைவு? ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மிதக்கும் கட்டையோ நீர்ப்பறவையோ உயரவாக்கில் இழுபட்டு, தூண்போல நிமிர்ந்து நிற்கும். அடுக்கு சற்றே அசைந்தாலும் தூண் நீளும், குறுகும், சட்டென்று மறையும். உயிருள்ள ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகியதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டெமார் லேன், ஏரி விலங்குகளை இந்தக் கோணத்தில் ஆராய்ந்து 1979-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். இரண்டே ஆண்டில் இன்னும் பின்னோக்கிப் போனார். 13-ஆம் நூற்றாண்டு நார்வே நூலான ‘அரசனின் கண்ணாடி’, கிரீன்லாந்துக் கடலில் நெட்டையாக எழும் ஒரு கடல்மனிதனை வருணித்து, அவன் தெரிந்தால் புயல் வரும் என்கிறது. வால்ரஸ் போன்ற விலங்கின் உருவத்தை இதே ஒளிவளைவு நீட்டினால் அந்த வருணனை அப்படியே பொருந்துவதை லேனும் அவருடைய சகாவும் கணக்கிட்டுக் காட்டினார்கள். புயலுக்கு முன்னே வரும் வெதுவெதுப்பான காற்றே குளிர்ந்த கடல்மேல் அந்தத் தலைகீழ் அடுக்கை உண்டாக்கும். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய மாலுமிகள் உருவத்தை மட்டுமல்ல, அதன் வானிலையையும் சரியாகக் குறித்திருக்கிறார்கள்!

அடுத்தது முதுகு மேடுகள். மீனும் பாம்பும் உடலைப் பக்கவாட்டில் நெளித்தே நீந்தும். மேலும் கீழுமாக வளையும் முதுகு பாம்புக்குரியதன்று. அலைக்குரியது அது. படகு போனபின் அதன் தடத்தில் எழும் அலைகள் கூட்டமாகப் பயணிக்கின்றன. ஆழமான நீரில் 5 மீட்டர் நீள அலையின் முகடு நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் ஓடும். கூட்டமோ அதில் பாதி வேகத்தில், நாம் நடக்கும் வேகத்தில்தான் நகரும். அதனால் கூட்டத்தின் வால்பக்கம் புதுப்புது முகடுகள் பிறந்து, நடுவே ஓடி உயர்ந்து, தலைப்பக்கம் கரைந்துபோகின்றன. ஒரு கிலோமீட்டர் தொலைவில் படகு கடந்திருந்தால் இந்த ஊர்வலம் கரையை எட்டச் சுமார் 12 நிமிடம். அதற்குள் படகு வளைவைத் தாண்டி மறைந்திருக்கும். காற்றில்லாத நாளில் மற்ற அலைகளும் இல்லை. பளிங்குபோன்ற நீரில், எங்கிருந்தோ வந்த நான்கைந்து கரிய மேடுகள் மட்டும் தாமாக நீந்துகின்றன. கரையிலிருப்பவருக்கு வேறென்னதான் தோன்றும்?

இன்று ஏரிக்கரையில் பாம்பைப் பார்ப்பதற்கென்றே ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அலை ஊர்வலத்தை முழுசாகப் பார்க்க அது அருமையான இடம். நெடிய தலையைப் பார்க்கவோ கீழே இறங்க வேண்டும். ஒளி வளையும் அந்தக் குளிர்ந்த அடுக்கு நீரை ஒட்டியே கிடப்பதால், துடுப்புப் படகில் உட்கார்ந்தவரின் கண்மட்டமே அதற்கு ஏற்றது. காற்றடங்கிய வெதுவெதுப்பான நாளில் கரை விளிம்பில் குந்தி, தொலைநோக்கியில் எதிர்க்கரைப் பாறைகளை முதலில் பாருங்கள். அவை நெடிதாக நீண்டிருந்தால் அடுக்கு அமைந்துவிட்டது. பிறகு மெல்ல எழுந்து நில்லுங்கள். ஓரிரு அடி உயர்வதற்குள் அதே பாறைகள் வேறு உருவம் கொள்ளும்.