வாடைக் காற்றும் ஒரு பலகையும்

விருப்பமும் வேலையும் – 14

சென்ற வாரங்களில் புதுக்கோட்டை நகரத்துப் பயிற்சி மையங்களையும், அங்கே விடியற்காலையிலிருந்து பொது அறிவுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் பற்றி எழுதினேன். இந்த வாரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போவோம். புதுக்கோட்டை என்றால் சித்தன்னவாசலும் ஆதனக்கோட்டை முந்திரியும் நினைவுக்கு வரும் பலருக்கு, இந்த மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பது நினைவில் இருப்பதில்லை. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் பாக் விரிகுடாக் கரை அது.

இந்தக் கரையில் பிளஸ் டூ முடித்த பையன் முன்னால் வீட்டார் வைக்கிற வழிகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். விசைப்படகில் பங்குக்குப் போகலாம். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகலாம். பாலிடெக்னிக்கில் சேரலாம், அல்லது குரூப் 4 எழுதலாம். அப்பாவின் படகு நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை தேய்ந்துவிட்டது. இலங்கையோடு செய்த 1974 ஒப்பந்தம் கடலில் ஓர் எல்லையைப் போட்டது. அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். தாண்டாமல் பிடிப்பதற்கு மீன் குறைவு, அதில் இழுவை மடிக்கும் பங்குண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை, “எனக்குக் காற்றில் பலகை ஓட்டப் பிடிச்சிருக்கு, அதையே பிழைப்பா வச்சுக்கிறேன்” என்று சொன்னால் அம்மாவுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

அந்தக் கலக்கத்துக்கு இந்த மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். சில ஆண்டுகளில் அவரே செங்கல் சூளையில் கூலிக்கு நிற்க நேர்ந்தது. பிறகு பெங்களூரில் பயிற்றுநர் பட்டயம் படித்து, அரசுப் பயிற்றுநராகி, மறுபடியும் ஓடுதளத்துக்கு வந்தார். அவர் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடியவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள்தாம் நிற்கவில்லை. விளையாட்டை நம்பிப் பிள்ளையை விடலாமா என்று இங்கே ஒரு தாய் கேட்டால், நான் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். ‘மனம் சொல்வதைக் கேள்’ என்று மட்டும் சொல்லி எந்தப் பிள்ளையையும் கடற்கரையில் தனியே விடவும் மாட்டேன்.

ஆனால் இன்னொரு பேச்சு உண்டு. காற்றில் பலகை ஓட்டுவது வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன என்கிற பேச்சு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பாக் கடற்பகுதியின் வத்தைகளை அவர் அதில் விரிவாகவே பதிந்திருக்கிறார். குறுகிய, நீளமான படகு. அதன் குறுக்கே ஒரு நெடும்பலகை, இரு பக்கமும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பாயைச் சாய்க்கச் சாய்க்க, ஆட்கள் காற்று வரும் பக்கத்துப் பலகை நுனிக்கு நகர்ந்துபோய்த் தங்கள் உடம்பின் எடையால் படகை நிமிர்த்துவார்கள். காற்று ஏறினால் இன்னும் ஓர் ஆள் நுனிக்குப் போவார், தணிந்தால் உள்ளே வருவார். தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டிகளில் இதை இன்றும் பார்க்கலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு கடலுக்கு மேல் தொங்க, பலகையின் விளிம்பில் கால் பதித்து நிற்கிறார்கள்.

காற்றில் பலகை ஓட்டும் விண்ட் சர்ஃபிங்கில் நடப்பதும் அதுவே. 1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவனும், 1964இல் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பியும் பலகையில் பாய் கட்டிப் பார்த்தார்கள். விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் அவர் நண்பர் ஹோய்ல் ஷ்வைட்சரும் கலிஃபோர்னியாவில் அதைச் சீராக்கி, 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பாய்மரத்தைப் பலகையில் அசையாமல் நட்டுவைக்காமல், எல்லாப் பக்கமும் மடங்கும் ஒரு மூட்டில் பொருத்தியதுதான் இதன் சூட்சுமம். மரத்தை நிமிர்த்திப் பிடிக்கக் கயிறு கிடையாது, ஆளின் கைகளும் முதுகுமே அதைத் தாங்குகின்றன. சுக்கானும் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகையின் தலை காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். வத்தையில் நாலைந்து பேர் பங்கிட்டுச் செய்யும் வேலையை இங்கே ஒரே உடம்பு செய்கிறது. வத்தைப் பலகையில் நின்று வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான் என்பது என் எண்ணம். காற்றின் முகம் மாறுவதைக் கன்னத்தில் உணர்ந்து சொல்லும் அறிவை எந்தப் பயிற்சி மையமும் சில வாரங்களில் கொடுத்துவிட முடியாது.

கைட் சர்ஃபிங் அதற்குப் பிறகு வந்தது. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெனு சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த விளிம்புள்ள ஒரு பட்டத்துக்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது, திரும்ப எழுப்பலாம். இருபது மீட்டரைத் தாண்டும் கயிறுகளின் முனையில் அந்தப் பட்டம் பறக்கும், அதன் இழுவையை இடுப்பில் கட்டிய பட்டை வாங்கிக்கொள்ளும், காலடியில் சிறு பலகை ஓடும். இப்போது பலகைக்கு அடியில் இறக்கை போன்ற ஃபாயில் பொருத்தி, தண்ணீரை விட்டே எழும்பி ஓடுகிறார்கள். விண்ட் சர்ஃபிங் 1984இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. கைட் அங்கே போய்ச் சேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் முதல் முறை.

அந்த முதல் முறையிலேயே ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றவர் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர். வயது 17. வென்ற நாள் ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம். பாய்மர விளையாட்டில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. புதுக்கோட்டைக் கிராமங்களில் சிங்கப்பூரில் உறவு இல்லாத குடும்பம் குறைவு, ஆகவே இந்தப் பெயரைச் சில வீடுகளிலாவது கேட்டிருப்பார்கள். அந்தப் பையனின் பெற்றோர் இந்தோனேசியாவில் கடலோர விடுதி நடத்துகிறவர்கள். சிறு வயதிலேயே கண்ணெதிரே கடல் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் பட்டமும் பலகையும் இருந்தன, சொல்லித்தர ஆளும் இருந்தது. அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. விருப்பம் பிறப்பதற்கே முதலில் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சென்னையின் நேத்ரா குமணனையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ், கூடைப்பந்து, பரதநாட்டியம் என்று பலவற்றைப் பழகிப் பார்த்த சிறுமி, 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைக்கால முகாமில் முதன்முதலாகப் பாய்மரப் படகில் ஏறினார். பொறியியலையும் படித்துக்கொண்டே படகையும் விடாமல், 2021இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை ஆனார். அந்தக் கோடையில் அந்த முகாம் இல்லாதிருந்தால் இந்த விருப்பம் அவருக்குள் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் இது நடக்கும் என்றால், ஹைதராபாத்தைப் பாருங்கள். அங்கே கடலே இல்லை. தகவல் தொழில்நுட்பத் தொழிலை விட்டுவந்த சுஹைம் ஷேக், 2009இல் யாட் கிளப் ஆஃப் ஹைதராபாதைத் தொடங்கி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஹுசைன் சாகர் ஏரியில் பாய்மரப் படகேற்றினார். அவர்களில் பலர் தேசியப் பதக்கங்கள் வென்றார்கள். ஏரித் தண்ணீரில் முடிந்தது மணமேல்குடிக் கடலில் முடியாதா?

நம் கரைக்குப் பக்கத்திலேயே வேலை நடந்துகொண்டிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தின் பிரப்பன்வலசையில் ஜெஹான் டிரைவர் ‘குவெஸ்ட்’ என்ற பெயரிலும், தூத்துக்குடியில் அர்ஜுன் மோத்தா ‘அக்வா அவுட்பேக்’ என்ற பெயரிலும் கைட் சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். சென்னைக்கு அருகே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். கோவளத்தில் ஓடுவது காற்றில் அல்ல, அலையில். ஆனாலும் எனக்கு முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது. பயிற்றுநர்களாக நிற்பவர்கள் அதே ஊர் மீனவ இளைஞர்கள். வெளியூரிலிருந்து ஒருவர் பள்ளி திறந்து, உள்ளூர்ப் பிள்ளையைப் பலகை சுமக்க மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

புதுக்கோட்டைக் கரையின் காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் அதில்தான் இருக்கிறது. மார்கழி, தையில் வீசும் வாடை வடகிழக்கிலிருந்து கடல் வழியாக வருகிறது. அது தவறி விழுந்தவனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டுவரும். ஆனி, ஆடியின் தென்மேற்குக் காற்று அப்படியல்ல. கரையோடு இணையாகவோ, கரையிலிருந்து கடலை நோக்கிச் சாய்ந்தோ வீசும். பாய் கையை விட்டுப் போனால் அது ஆளை விரிகுடாவின் நடுவுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே இங்கே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வாடைக் காலமே பருவம். ராமேஸ்வரம் தீவுக்கு இரு பக்கமும் கடல் இருப்பதால் ஒரு காற்றுக்கு வடகரை, மறு காற்றுக்குத் தென்கரை என்று மாற்றிக்கொள்கிறார்கள். இங்கே அந்த வசதி இல்லை.

ஆழம் குறைந்த கடல் என்பது பழகுவதற்கு நல்லது. பெரிய அலை இல்லை, விழுந்தால் பல இடங்களில் கால் தரையில் படும். அந்தத் தரை சேறாகவும் சிப்பியாகவும் இருக்கும் என்பதையும், மீனவர் ஊன்றிய வலைக்கம்புகள் நடுநடுவே நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வலை போட்டிருக்கிற இடத்தில் பலகைக்கு உரிமை கிடையாது, அங்கே மீனவர் சொல்வதுதான் சட்டமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வது அங்குள்ள கடற்புல்லை. புல்லைக் கிழிக்கும் விசைப்படகின் சுழலி இதில் இல்லை என்பதால் காற்றில் ஓடும் பலகை இந்தக் கடலுக்குப் பொருத்தமான விளையாட்டு என்றே நினைக்கிறேன். ஆனால் பாரிஸில் பார்த்த ஃபாயில் வகை இங்கே வேண்டாம். அதன் தண்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்கும், புல்லுக்கும் ஆகாது, ஓட்டுகிறவருக்கும் ஆகாது. குட்டையான துடுப்புள்ள அகலப் பலகை போதும்.

சரி, இதில் சோறு கிடைக்குமா? ஒலிம்பிக் வீரராவது ஆயிரத்தில் ஒருவருக்கு. மீதிப் பேருக்கு என்ன என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கைட் பயிற்றுநர்களுக்கு ஐ.கே.ஓ. என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றிதழ் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் பருவத்துக்குப் பருவம் ராமேஸ்வரத்திலும், இலங்கையின் கல்பிட்டியிலும், அதற்கு அப்பாலும் வேலை தேடலாம். கோவாவில் மத்தியச் சுற்றுலாத் துறையின் கீழ் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்பு, விசைப்படகு இயக்கம் போன்ற படிப்புகளை நடத்துகிறது. பாய்மரப் போட்டிகளில் தேர்ந்தவர்களை ராணுவமும் கடற்படையும் சேர்த்துக்கொள்கின்றன. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ராணுவத்தில் இருந்துகொண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. கிழிந்த பாயைத் தைப்பதும், பட்டத்தின் காற்றுப் பையை ஒட்டுவதும், மீட்புப் படகு ஓட்டுவதும் தனித்தனி வேலைகள். வலை பின்னத் தெரிந்த கைக்கு அவை அந்நியமல்ல.

புதுப் பட்டம், பலகை, இடுப்புப் பட்டை மூன்றும் சேர்ந்தால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். தனிக் குடும்பம் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பொது முயற்சியாக நடத்தலாம், அதற்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. 1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். ‘பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்’ என்று கேட்ட ஊர்கள் அவை. அந்தப் பெண்களிடம் உங்களுக்கு இதில் விருப்பமா என்று யாரும் படிவம் நீட்டிக் கேட்கவில்லை. சைக்கிளைக் கொடுத்தார்கள், ஓட்டிப் பார்த்த பிறகு விருப்பம் வந்தது. கடலோரத்துப் பெண்பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வேண்டும். மீன் விற்கவும் கருவாடு காயவைக்கவும் கரைக்கு வருகிற அவர்களில் பலர் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போனதில்லை.

மணமேல்குடியிலோ முத்துக்குடாவிலோ இதைத் தொடங்க வேண்டியது நீச்சலில். இருநூறு மீட்டர் நீந்திக் காட்டாத பிள்ளையைப் பலகையில் ஏற்றக் கூடாது. அதன்பின் பொதுச் சொத்தாகப் பத்துப் பலகைகளும் சிறிய பாய்களும், ஆளுக்கொரு மிதவை அங்கியும், எந்நேரமும் தயாராக நிற்கும் ஒரு மீட்புப் படகும், அதை ஓட்ட உள்ளூர் மீனவர் ஒருவரும் வேண்டும். வனத்துறையும் மீன்வளத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து எந்தப் பகுதி, எந்த மாதம் என்று முடிவு செய்ய வேண்டும். கைட்டை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம், பாய்ப் பலகை போதும். பிள்ளைகள் பள்ளியை விடக் கூடாது, சனி ஞாயிறு காலை போதும். மாவட்ட நிர்வாகம் புரட்டாசிக்குள் முடிவெடுத்தால், வரும் வாடைக்கே முதல் பலகை தண்ணீரில் இறங்கலாம்.

(தொடரும்)