“கையை எடுங்கம்மா, பார்க்கலாம்!”

டிசம்பர் விடுமுறை. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பூன் லேயில் உங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில், இரவு முழுவதும் மின்னூட்டம் பெற்ற மின்சாரக் கார் 100 விழுக்காட்டைக் காட்டியபடி நிற்கிறது. தலையணை, தின்பண்டங்கள், தம்பியின் பந்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கோலாலம்பூரில் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் புறப்படுகிறீர்கள். ஆயர் ராஜா விரைவுச்சாலை, துவாஸ் சோதனைச்சாவடி, 1998ல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலம், பிறகு மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. மொத்தம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். சாலை நேராக விரிந்ததும் அம்மா ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். ‘டிங்’ என்றொரு சத்தம். முன்னே போகும் கார் வேகத்தைக் குறைத்தால் உங்கள் காரும் குறைக்கிறது. அது வேகமெடுத்தால் இதுவும் எடுக்கிறது. வளைவில் ஸ்டியரிங் தானாகவே மெல்லத் திரும்புகிறது.

“கையை எடுங்கம்மா, பார்க்கலாம்!” என்று நீங்கள் ஆசையாகக் கேட்கிறீர்கள்.

அம்மா கையை எடுக்கலாமா? பதில் சொல்வதற்கு முன், அந்தக் கார் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்வோம்.

பார்வையற்றவர் தந்த பரிசு

வேகத்தைத் தானாகவே நிலையாக வைத்திருக்கும் ‘குரூஸ் கண்ட்ரோல்’ வசதியை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். நண்பர் ஒருவர் ஓட்டிய காரில் போகும்போது, அவர் பேசினால் கார் மெதுவாகவும் பேச்சை நிறுத்தினால் வேகமாகவும் போய், குலுங்கிக் குலுங்கிச் சென்றதாம். அந்த எரிச்சலில்தான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1950ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958ல் கிரைஸ்லர் நிறுவனம் அதைத் தன் கார்களில் பொருத்தியது.

ஆனால் அந்தக் கருவிக்கு வேகம் மட்டுமே தெரியும். முன்னால் கார் இருப்பது தெரியாது. இன்றைய கார்கள் கூடுதலாக இரண்டு காரியங்களைச் செய்கின்றன. ஒன்று, முன்னே செல்லும் வாகனத்துடன் இடைவெளியைக் காப்பது. மற்றொன்று, தடத்தின் நடுவே காரை வைத்திருப்பது. இவற்றுக்குக் கண்கள் வேண்டும்.

காரின் கண்கள்

முன் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கேமரா, சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளையும் முன்னே செல்லும் வாகனங்களின் வடிவத்தையும் பார்க்கிறது. பல கார்களில் முன்புறம் ஒரு ரேடாரும் இருக்கும். அது வினாடிக்குச் சுமார் 77 பில்லியன் முறை அதிரும் மின்காந்த அலையை அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. 150 மீட்டர் தொலைவில் உள்ள காரில் பட்டு அலை திரும்பி வர, ஒரு வினாடியில் மில்லியனில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம்.

வேகத்தை எப்படி அறிவது? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் சைரன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும் அல்லவா? இது டாப்ளர் விளைவு. ரேடார் அலைக்கும் இதே விதிதான். முன்னே உள்ள காரை நீங்கள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நெருங்கினால், திரும்பி வரும் அலையின் அதிர்வெண் வினாடிக்குச் சுமார் 5,100 அதிர்வுகள் கூடியிருக்கும். 77 பில்லியனில் வெறும் 5,100! அந்த நுண்ணிய வேறுபாட்டை அளந்துதான் கார் பிரேக் போடுகிறது.

மழையிலும் இருட்டிலும் ரேடார் நன்றாக வேலை செய்யும். அப்படியானால் பயமே இல்லையா? அவசரப்படாதீர்கள்.

நின்றுபோன லாரி

உங்கள் கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்போது சாலையோரத் தடுப்பு, தலைக்கு மேல் உள்ள பெயர்ப் பலகை, மேம்பாலம் ஆகிய அசையாத பொருள்கள் எல்லாம் ரேடாரின் பார்வையில் அதே 110 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பின்னால் வரும் வாகனங்கள் உங்கள் மேல் வந்து மோதும்.

எனவே பழைய ரேடார் அமைப்புகள் பலவற்றில், அசையாத பொருள்களிலிருந்து வரும் எதிரொலிகளைப் பொருட்படுத்தாமல் விடும்படி நிரல் எழுதினார்கள். பழுதாகித் தடத்தில் நின்றுவிட்ட லாரியும் அசையாத பொருள்தானே? உயரத்தைச் சரியாகப் பிரித்தறியாத ரேடாருக்கு, மேலே தொங்கும் பலகைக்கும் கீழே நிற்கும் லாரிக்கும் வேறுபாடு தெரிவது கடினம். புதிய கார்கள் கேமராவையும் ரேடாரையும் இணைத்துப் பார்ப்பதால் நிலைமை மேம்பட்டுள்ளது. ஆனாலும், வேகமாகச் செல்லும்போது நின்றிருக்கும் வாகனங்களைக் கார் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கார்களின் கையேடுகள் இன்றும் எச்சரிக்கின்றன.

இதில் ஆபத்தான சூழல் ஒன்று உண்டு. உங்களுக்கு முன்னே செல்லும் கார், நின்றுபோன லாரியைக் கண்டு சட்டென்று பக்கத்துத் தடத்துக்கு மாறுகிறது. இதுவரை அந்தக் கார் மறைத்திருந்த லாரி, இப்போது திடீரென உங்கள் எதிரே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 30.6 மீட்டர். ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க 1.5 வினாடி என்று கொண்டால், அதற்குள் கார் 46 மீட்டர் ஓடியிருக்கும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் சுமார் 67 மீட்டர் வேண்டும். மொத்தம் 113 மீட்டர், அதாவது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். சாலை நனைந்திருந்தால் 160 மீட்டரையும் தாண்டலாம். இது விழிப்புடன் இருக்கும் ஓட்டுநருக்கான கணக்கு. கையை மடியில் வைத்து, கண்ணைக் கைப்பேசியில் வைத்திருப்பவருக்கு?

மோட்டார்சைக்கிள்களையும் மறக்காதீர்கள். ஜோகூர் சாலைகளில் அவை ஏராளம். லாரியைவிட மோட்டார்சைக்கிளிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் பலவீனமானது. தடத்தின் ஓரமாகச் செல்வதால் கேமராவும் அதைத் தாமதமாகவே இனங்காணக்கூடும்.

37 நிமிடத்தில் 25 வினாடி

2016 மே மாதம், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டெஸ்லா மின்சாரக் கார் ஒன்று ஓட்டுநர் உதவி அமைப்பின் துணையுடன் சென்றுகொண்டிருந்தது. சாலையைக் குறுக்கே கடந்த ஒரு பெரிய வாகனத்தின் பக்கவாட்டில் அது மோதியதில் ஓட்டுநர் உயிரிழந்தார். அமைப்பு இயங்கிய 37 நிமிடங்களில், ஸ்டியரிங்கில் அவரது கை பட்டதாகப் பதிவானது வெறும் 25 வினாடிகளே என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் கண்டறிந்தனர். கார் பிரேக் போடவில்லை. அவரும் போடவில்லை.

அவர் அலட்சியமானவர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மனித மூளையைப் பற்றி அறிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களில், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் முக்கியமான சைகைகளைத் தவறவிட்டனர். ஏன் என்று ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த். அவர் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் வினாடிக்கு ஒரு முறை ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு முறை மட்டும் இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். எளிய வேலை, ஆனால் இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரத்திலேயே பலர் தாவல்களைத் தவறவிடத் தொடங்கினர். 1948ல் அவர் இந்த முடிவுகளை வெளியிட்டார்.

எதுவுமே நடக்காத ஒன்றை நீண்ட நேரம் கவனிப்பதில் நம் மூளைக்குத் திறமை குறைவு. வேடிக்கை என்னவென்றால், கார் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறதோ அவ்வளவு குறைவாகவே நாம் கவனிக்கிறோம். 99 முறை சரியாகச் செய்யும் இயந்திரத்தை நம்பிவிட்டால், நூறாவது முறை நாம் தயாராக இருக்க மாட்டோம்.

எந்தப் படியில் நிற்கிறது உங்கள் கார்?

வாகனங்களின் தானியக்கத் திறனைப் பொறியாளர்கள் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நிலை 1ல் கார் வேகத்தையோ திசையையோ, ஏதேனும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். நிலை 2ல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. நிலை 3ல், குறிப்பிட்ட சூழலில் மட்டும் ஓட்டுநர் கண்ணை அகற்றலாம், கார் அழைத்தால் திரும்பப் பொறுப்பேற்க வேண்டும். நிலை 4, வரையறுக்கப்பட்ட இடங்களில் ஓட்டுநரே தேவைப்படாதது. நிலை 5, எங்கும் எப்போதும் தானே ஓடுவது.

இன்று குடும்பங்கள் வாங்கும் கார்களில் உள்ள இந்த வசதிகள் பெரும்பாலும் நிலை 2தான். பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதற்கு ‘உதவி’ என்பதே பொருள்.

நிலை 4 எவ்வளவு கடினம் என்பதை அறிய நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். பூன் லே பேருந்து நிலையத்தில் 179 எண் பேருந்தில் ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அதன் அருகே, ஜூரோங் புத்தாக்க வட்டாரத்தில், தானியக்க வாகனங்களைச் சோதிக்கும் ‘செட்ரான்’ நிலையம் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம், வேகத்தடை என்று ஒரு குட்டிச் சாலை உலகமே அங்கு உண்டு. செயற்கை மழை பெய்விக்கும் இயந்திரமும் உண்டு! நம் ஊர்க் கனமழையில் சாலைக் கோடுகள் நீரில் பளபளத்து மறைந்துவிடும், கேமரா குழம்பும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. 2019 அக்டோபரில் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பொதுச் சாலைகள் இத்தகைய சோதனைகளுக்கு அனுமதிக்கப்பட்டன.

பேட்டரி தரும் ஓய்வு

நெடும்பயணத்தில் மின்சாரக் காருக்கும் இந்த உதவிக் கருவிகளுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. முன்னே வாகனம் மெதுவாகும்போது கார் படிப்படியாக வேகத்தைக் குறைக்கிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இயக்க ஆற்றலின் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. 1,800 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.23 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். திடீர்ப் பிரேக்கில் அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும்.

ஆனால் வேகத்தின் உச்ச அளவைத் தேர்ந்தெடுப்பது அம்மாதான். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90லிருந்து 110க்குப் போனால் வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது. காற்றுத்தடையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. பேட்டரி அதற்கேற்பக் கரையும்.

அப்படிக் கரைவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. வழியில் பாகோ, ஆயர் கெரோ போன்ற ஓய்வுத் தளங்கள் உண்டு. மின்னேற்றி உள்ள இடத்தில் காரை இணைத்துவிட்டு எல்லாரும் இறங்கி, தே தாரிக் குடித்து, காலை நீட்டி நடந்தால் பேட்டரி நிறைவதோடு அம்மாவின் கவனமும் புத்துயிர் பெறும். விரைவு மின்னேற்றம் 80 விழுக்காட்டுக்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். எனவே அந்த அளவில் புறப்படுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

உங்கள் பங்கு என்ன?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அம்மாவின் கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும். “கையை எடுங்க” என்று கேட்பதற்குப் பதில், உங்களுக்கு வேறு வேலைகள் உள்ளன. அம்மாவின் கைப்பேசிக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வழி பார்ப்பதும் பெரியம்மாவின் அழைப்புக்குப் பதில் சொல்வதும் உங்கள் வேலை. கட்டணச் சாவடி, சாலைப் பணி, கனமழை ஆகியவை வந்தால் உதவி அமைப்பை நிறுத்தச் சொல்லி நினைவூட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா கொட்டாவி விட்டால் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. முன்னே செல்லும் கார் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்குங்கள். உங்கள் கார் அதே கம்பத்தை அடையும்போது நிறுத்துங்கள். இரண்டு வினாடிக்கும் குறைவாக இருந்தால் இடைவெளி போதாது. மழையென்றால் நான்கு வினாடியாவது வேண்டும். இதை உதவி அமைப்பின் வெவ்வேறு இடைவெளி அளவுகளில் அளந்து ஒப்பிடுங்கள்.

2. மேக்வொர்த்தின் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நண்பர் வினாடிக்கு ஒரு முறை பென்சிலால் மேசையைத் தட்டட்டும். எப்போதாவது ஒரு தட்டலை விட்டுவிடட்டும், அதை எப்போது செய்தார் என்று குறித்துக்கொள்ளட்டும். விடுபட்ட ஒவ்வொரு முறையும் நீங்கள் கையை உயர்த்துங்கள். 20 நிமிடம் செய்து, முதல் ஐந்து நிமிடத்தில் எத்தனை தவறவிட்டீர்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று ஒப்பிடுங்கள். முடிவை அம்மாவிடம் காட்டுங்கள், புறப்படுவதற்கு முந்தைய நாளே.